மறதிநோய்: மறைக்காத குடும்பத்துக்குக் கிடைத்த துணை

திருமுல்லைவாயலில் வசிக்கும் ஒரு குடும்பத்தின் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். அவர்களுடைய இசைவைப் பெற்றிருக்கிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுமிருக்கிறேன்.

அக்குடும்பத் தலைவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர், ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு, "டிபன் கேரியர் எங்கே? முதல் ஷிப்டுக்கு நேரமாகிறது" என்று மனைவியிடம் கேட்டார். மனைவி சிரித்துவிட்டார். அடுத்த வாரமும் அதே கேள்வி வந்தபோது அவரால் சிரிக்க முடியவில்லை.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. "அப்பாவுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு சொல் வெளியே போனால் போதும்" என்பது அவருடைய அச்சம். உறவினர் வந்தால் கணவர் உறங்குகிறார் என்பார். வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். தம்முடைய சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கக்கூட வெளியே செல்வதை நிறுத்திவிட்டார்.

ஒருநாள் கதவைப் பூட்ட மறந்துபோனது. கணவர் ரயில் நிலையத்துக்கு நடந்து சென்று வண்டி ஏறியிருக்கிறார். தொழிற்பேட்டைக்குச் செல்லப் பட்டரவாக்கத்தில் இறங்குவதே அவருடைய வழக்கம். அன்று ஏறியதோ எதிர்த்திசையில் செல்லும் வண்டி. இரவு ஒன்பது மணிக்குத் திருவள்ளூர் ரயில் நிலையத்தில், ரயில்வே காவலர் ஒருவர் அவரைக் கண்டெடுத்தார். சட்டைப்பையில் பெயரோ தொலைபேசி எண்ணோ எழுதிய ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. மறுநாள் காலை அக்குடும்பம் என் அறைக்கு வந்தது.

"வயசாயிடுச்சு டாக்டர், அவ்வளவுதான்" என்று அந்த அம்மையார் தொடங்கினார். அந்த வாக்கியத்தை முடிக்கும் முன்னரே அழுதுவிட்டார்.

முதுமையா, நோயா?

சாவியை எங்கே வைத்தோம் என்று மறப்பது முதுமையில் இயல்பு. சாவி எதற்குப் பயன்படுகிறது என்பதே குழம்பினால் அது நோயின் அறிகுறி. பழகிய தெருவில் வழி தவறுதல், கேட்ட கேள்வியையே சில நிமிடங்களில் மீண்டும் கேட்டல், பணக் கணக்கில் தடுமாறுதல், தாம் வைத்த பொருளைப் பிறர் திருடிவிட்டதாக ஐயுறுதல், குணத்தில் திடீர் மாற்றம் ஆகியவை டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைச் சுட்டக்கூடும். இது ஒரே நோயின் பெயரன்று. அல்சைமர் நோய், மூளை இரத்தக்குழாய் பாதிப்பால் வரும் மறதிநோய் எனப் பல வகைகள் இதில் அடங்கும். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய்.

முதியோரை நேரில் பரிசோதித்து நடத்தப்பட்ட ஒரு தேசிய ஆய்வின் முடிவுகள் 2023இல் வெளிவந்தன. அதன்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருக்கிறது. ஆகவே நம் தெருவில் இது நம் வீட்டில் மட்டுமே இருக்கிறது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

விரைவில் மருத்துவரிடம் வரவேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவதற்கு முதற்காரணம், மறதியாகத் தோன்றுவன எல்லாம் மறதிநோய் அல்ல என்பதே. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, கீழே விழுந்தபின் மண்டையோட்டுக்குள் தேங்கும் இரத்தக்கட்டு, சில தூக்க மாத்திரைகள் ஆகியவையும் மறதியை உண்டாக்கும். இவற்றுக்குச் சிகிச்சை அளித்தால் பெருமளவு முன்னேற்றம் காணலாம். அல்சைமர் நோயே என்று உறுதியானால், டோனெபிசில், மெமான்டின் போன்ற மருந்துகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும், நோயைக் குணப்படுத்தா. இதை மறைக்காமல் சொல்வது எங்கள் கடமை.

ஒரு மகன் தொடங்கிய சங்கம்

அந்த அம்மையார் அன்று என்னிடம் கேட்ட கேள்வி: "எங்களைப் போல் வேறு யாராவது இருக்கிறார்களா?" அப்போது அவருக்குக் கேரளத்தின் குன்னங்குளத்தைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் ராய் அவர்களைப் பற்றிச் சொன்னேன்.

அவர் குழந்தை மருத்துவர். முதியோர் நோய்கள் அவருடைய துறையல்ல. ஆனால் அவருடைய தந்தை அல்சைமர் நோய்க்கு ஆளானார். மருத்துவராக இருந்தும், நோயுற்றவரின் மகனாக அவர் புதிதாகத்தான் எல்லாவற்றையும் கற்கவேண்டியிருந்தது. அந்த அனுபவத்திலிருந்து 1992இல் இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய கோளாறுகள் சங்கம் பிறந்தது. ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அச்சங்கத்துக்கு இன்று நாட்டின் பல நகரங்களில் கிளைகள் உள்ளன, சென்னையிலும் உண்டு. இந்தியாவில் 37 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கிறது என்றும், 2030க்குள் அந்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் என்றும் மதிப்பிட்ட 2010ஆம் ஆண்டு அறிக்கை, அச்சங்கத்தின் முயற்சியால் வெளிவந்தது. ஜேக்கப் ராய் பின்னர், பல நாட்டுச் சங்கங்களின் கூட்டமைப்பான அல்சைமர்ஸ் டிசீஸ் இன்டர்நேஷனல் அமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார்.

நோயுற்றவர்களே தங்களுக்காகப் பேசியதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அரசின் உயர்பதவியில் இருந்த கிறிஸ்டின் பிரைடனுக்கு 1995இல் மறதிநோய் கண்டறியப்பட்டது. நோயுடன் வாழ்வது எத்தகையது என்று அவர் நூல்கள் எழுதினார், மேடைகளில் பேசினார். மேற்சொன்ன உலகக் கூட்டமைப்பின் ஆட்சிக்குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயுற்றவர் ஒருவர் அக்குழுவில் இடம்பெற்றது அதுவே முதன்முறை.

"அவர்களெல்லாம் படித்தவர்கள். நான் என்ன செய்யமுடியும்?" என்றார் அம்மையார். கோவாவில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னேன். மறதிநோய் உள்ள 81 குடும்பங்களைக் கொண்டு நடத்தப்பட்டு, 2008இல் வெளியான ஆய்வு அது. அந்த ஊர்களைச் சேர்ந்தவர்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாக அனுப்பினார்கள். நோயைப் பற்றி எடுத்துச் சொல்லுதல், அன்றாடச் சிக்கல்களுக்கு வழி காட்டுதல், கவனிப்பவரின் குறையைக் காதுகொடுத்துக் கேட்டல் ஆகியவையே அவர்கள் முக்கியமாகச் செய்தவை. அத்தகைய உதவி பெற்ற குடும்பங்களில் கவனிப்பவரின் மனநலம் மேம்பட்டது. அந்த உதவியில் பெரும்பகுதியை அளித்தவர்கள் மருத்துவர்கள் அல்லர்.

டீக்கடையில் தொடங்கியது

அன்று இரண்டே செயல்களை அவரிடம் கேட்டுக்கொண்டேன். முதலாவது, தம்முடைய இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்வது. அது 300ஐத் தாண்டியிருந்தது. இரண்டாவது, கணவர் நடந்துசெல்லும் பாதையில் இருப்பவர்களிடம் உண்மையைச் சொல்வது.

ஒரு வாரம் தயங்கினார். பின்னர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள டீக்கடைக்காரரிடமும், ஆட்டோ நிறுத்தத்தில் இருந்தவர்களிடமும், பூ விற்கும் பெண்ணிடமும் சொன்னார்: "இவருக்கு மறதிநோய். தனியாகப் பார்த்தால் இந்த எண்ணுக்கு ஃபோன் பண்ணுங்கள்." அவ்வளவே.

இரண்டு மாதங்கள் கழித்துக் கணவர் மீண்டும் புறப்பட்டபோது, அரை மணி நேரத்துக்குள் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். "வாங்க சார், இன்னைக்குக் கம்பெனி லீவு" என்று சொல்லி அழைத்து வந்தாராம். அதிர்ந்து பேசாமல், "நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள்" என்று வாதாடாமல், அவருடைய உலகத்துக்குள் நின்று பேசிய அந்தச் சொற்களை நான் இப்போது பிற குடும்பங்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

பூ விற்கும் பெண் ஒருநாள் தயங்கியபடி, தம் மாமியாருக்கும் அவ்வாறே இருக்கிறது என்றார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து ஒருவர் வந்தார். இன்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு குடும்பங்கள் அந்த அம்மையாரின் வீட்டில் கூடுகின்றன. கையெழுத்துப் பிரதியாகத் தொடங்கிய ஒரு பக்கத் துண்டறிக்கை இப்போது அச்சாகி, அப்பகுதி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். செய்தி தெரிந்ததும் ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. பின்னர் அமைந்த சம்பந்தத்தில், முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள். கணவரின் நோயும் முற்றித்தான் வருகிறது. மனைவியின் பெயர் இப்போது அவருக்கு நினைவில்லை. "ஆனால் நான் தனியாக இல்லை டாக்டர். போன வாரம் என் தங்கை வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தூங்கிவிட்டு வந்தேன்" என்றார் அம்மையார். அந்த இரண்டு நாளும் கூட்டத்துக்கு வரும் குடும்பங்கள் முறைவைத்து அவரைப் பார்த்துக்கொண்டன.

சொல்வதற்கும் ஒரு முறை உண்டு

எல்லாரும் கூட்டம் நடத்தவேண்டும் என்று நான் கேட்கவில்லை. உறக்கமின்றி நோயாளியைக் கவனிப்பவர்மேல் இன்னொரு கடமையைச் சுமத்துவது முறையன்று. உங்களுக்குத் தேவையான உதவியைப் பெறுமளவுக்கு வெளியே சொல்லுங்கள். வலிமை மிஞ்சினால் பிறருக்காகவும் பேசுங்கள்.

சொல்லும்போது நோயுற்றவரின் மதிப்புக் குறையலாகாது. தொடக்க நிலையில் இருப்பவரிடம், யார் யாரிடம் சொல்லலாம் என்று கேளுங்கள். அவர் தடுமாறும் காட்சிகளைக் கைபேசியில் படம்பிடித்துப் பகிராதீர்கள். அவர் எதிரிலேயே அவரைப் பற்றி, அவர் இல்லாததுபோல் பேசாதீர்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியவை

• நோயுற்றவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் பெயர், நோய், இரண்டு தொலைபேசி எண்கள் எழுதிய அட்டையை வையுங்கள். அண்மைக்கால நிழற்படம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும்.

• அவர் வழக்கமாகச் செல்லும் பாதையில் மூன்று பேரிடமாவது விவரத்தைச் சொல்லுங்கள்.

• மாலை வேளையில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்நோயில் வழக்கம். இருட்டும் முன்னரே விளக்கேற்றி, ஓசையைக் குறைத்து, பழகிய ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள்.

• நோயின் தொடக்கத்திலேயே வங்கி, சொத்து, சிகிச்சை குறித்த அவருடைய விருப்பங்களைக் கேட்டு எழுதிவையுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கவும் வழிசெய்கிறது.

• உங்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, உறக்கம் ஆகியவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். கவனிப்பவரும் எங்களுக்கு நோயாளியே.

• முதியோர் உதவிக்கு 14567, மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்களை அழைக்கலாம். அம்பத்தூர்ப் பகுதியினருக்கு அருகில், அண்ணாநகர் மேற்கு விரிவாக்கத்தில் உள்ள ஸ்கார்ஃப் நிறுவனமும் மறதிநோய்ப் பராமரிப்புச் சேவை அளிக்கிறது.

வீட்டிலுள்ள இளையோருக்கும் ஒரு சொல். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைபிடித்தல், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு உள்ளிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால், உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலலாம் என்று 2024இல் லான்செட் ஆணையம் மதிப்பிட்டது. தாத்தாவின் காதுக்குக் கருவி வாங்கித் தருவதும் அதில் அடங்கும்.

செப்டம்பர் 21 உலக அல்சைமர் நாள். அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை. அடுத்த முறை வெளிநோயாளர் பிரிவுக்கு வரும்போது, மருந்துச் சீட்டை நீட்டும் முன்னர், வீட்டில் என்ன நடக்கிறது என்று எங்களிடம் சொல்லுங்கள். உங்களைப் போன்ற வேறு குடும்பங்களோடு பேச விரும்பினால் அதையும் கேளுங்கள். இரு தரப்பின் சம்மதத்தோடு அறிமுகம் செய்துவைக்கிறோம்.