கோடு எங்கே விழ வேண்டும்?

மண்டகப்பட்டு என்னும் ஊர் அடங்கிய விழுப்புரம்–திண்டிவனம் வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை, எண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் உரிய பணப்பயிராகவே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் 1950-களிலும் 60-களிலும், ஏழை நாட்டுக் குழந்தைகளின் முதற்குறை புரதமே என்ற கருத்து ஐ.நா. அமைப்புகளில் வேரூன்றியபோது, எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கின் மாவு உலகப் பசிக்கே மருந்தாகத் தோன்றியது. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் அம்மாவு மூன்று பங்கும் கடலைமாவு ஒரு பங்குமாகக் கலந்து, வைட்டமின்களும் கூட்டி, ‘பல்நோக்கு உணவு’ ஒன்றை உருவாக்கியது. குறை புரதம் என்றால் ஆலையில் அரைக்கும் மாவே தீர்வாகிவிடும். சோறே போதவில்லை என்றாலோ கூலியையும் நிலத்தையும் பற்றிப் பேச வேண்டிவரும். இவ்விரண்டில் முதலாவதே ஆய்வகத்துக்கு வசதியான கேள்வி.

சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, குன்னூரில் தொடங்கி 1958-இல் ஐதராபாத்துக்கு மாறிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய சி. கோபாலன் வேறு முடிவுக்கு வந்தார். ஏறத்தாழ 310 கலோரியும் வெறும் 3 கிராம் புரதமும் கொண்ட கூடுதல் உணவைப் பெற்ற கிராமக் குழந்தைகள் நன்கு வளர்ந்ததை அவரது குழு 1973-இல் வெளியிட்டது. வழக்கமான உணவே வயிறு நிறையக் கிடைத்தால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதே இதன் பொருள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மேயும் கணக்கின் வழியாக இதே இடத்துக்கு வந்திருந்தார்.

வியப்பு என்னவெனில், இங்கே ஒன்றுபட்ட இருவரும் அடுத்த கேள்வியில் எதிரெதிரே நின்றனர். ஒருவரது கலோரித் தேவை நாளுக்கு நாள் மாறுவதால், சராசரித் தேவைக்குக் கீழே உண்பவர் அனைவரையும் பசித்தவராகக் கொள்ளலாகாது என்றும், சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் (மதிப்புகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு) கீழே கோட்டை வரைய வேண்டும் என்றும் சுகாத்மே வாதிட்டார். அவ்வாறு வரைந்தால் இந்தியாவில் பசித்தோர் எண்ணிக்கை பெரிதும் சுருங்கும். அமெரிக்கப் பொருளியலாளர் டேவிட் செக்லர், மிதமாகக் குட்டையான குழந்தைகள் ‘சிறியவர், ஆனால் நலமானவர்’ என்று இன்னும் ஓரடி முன்னே போனார். 1980-இல் இந்திய ஊட்டச்சத்து அறக்கட்டளையை நிறுவிய கோபாலன் இதைக் கடுமையாக மறுத்தார். வறுமைக்கு உடல் இணங்கிப்போவதை நலம் என அழைப்பது, வறுமையையே ஏற்பதாகும் என்பது அவர் நிலை.

இப்பூசலை அளவையால் மட்டும் தீர்க்க முடியாது. கோட்டைத் தாழ்த்தினால் பசித்தவர் சிலர் விடுபடுவர். உயர்த்தினால் பசியில்லாத சிலரும் சேர்வர். இவற்றுள் எந்தப் பிழை பொறுக்கத்தக்கது என்பதை எந்தத் தராசும் சொல்லாது. ஆய்வாளர் அதைத் தம் மனச்சாய்விலிருந்தே எடுக்கிறார், எடுத்ததைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. 2006-இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வளர்ச்சி அளவைகள் இதற்கு ஒரு விதிவிலக்கு. தெற்கு தில்லி உட்பட ஆறு நாடுகளின் இடங்களில், தாய்ப்பால் பெற்ற, தாய் புகைபிடிக்காத, வசதியான வீட்டுக் குழந்தைகளை வேண்டுமென்றே தேர்ந்து, குழந்தைகள் எவ்வாறு வளர வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன என்று அது வெளிப்படையாக அறிவித்தது. அந்த அளவை இந்தியாவின் குறையை மிகைப்படுத்துகிறது என்று 2013-இல் பொருளியலாளர் அரவிந்த் பனகாரியா எழுப்பிய வாதம் இன்றும் ஓயவில்லை.

அந்த வாதத்தின் விளைவு, எந்த அங்கன்வாடியின் எடை அட்டையிலும் கலோரியாகவே தெரியும். 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முதலில் வகுத்தபடி, அங்கன்வாடிக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி, ஊட்டக்குறை உடையதெனக் கணிக்கப்பட்டதற்கு 800. எடை மாறாதிருக்கக் கோடு மட்டும் தாழ்ந்தால், மண்டகப்பட்டுக் குழந்தை இழப்பது அந்த 300 கலோரியை.

(தொடரும்)