டிக்கட் விலையை யார் நிர்ணயிப்பது?

புதிதாகத் தோன்றும் கால்பந்துக் கோஷ்டி எதுவும் முதலில் நிர்ணயிக்க வேண்டியது டிக்கட் விலை. ஆட்டக்காரரைப் பணங்கொடுத்துச் சேர்க்கலாம். ஜனங்களின் அபிமானத்தை அவ்விதம் சேர்க்க முடியாது. ஆகையால் இது கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிடக்கூடிய காரியமென்று நாம் கருதவில்லை.

2005ம் வருஷம் மே மாதத்தில் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் அமெரிக்கரான கிளேஸர் குடும்பத்தாரின் ஆதிக்கத்துக்குள் போயிற்று. அதை வாங்குவதற்காகப் பட்ட கடனில் பெரும்பகுதி அக்கழகத்தின் தலையிலேயே சுமத்தப்பட்டது. மனங்கசந்த ரசிகர்களில் ஒரு சாரார் அவ்வருஷமே எப்.ஸி. யுனைடெட் ஆப் மான்செஸ்டர் என்ற புதுக் கழகத்தை ஸ்தாபித்தார்கள். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரே வோட்டு. தனவந்தருக்கும் ஒன்றுதான், கூலிக்காரருக்கும் ஒன்றுதான். சொந்த மைதானம் கிடையாது. பக்கத்திலுள்ள பரி என்னும் ஊரில் வாடகைக்கு ஆடினார்கள். ஆடியதோ இங்கிலாந்தின் பத்தாம் படியில். அப்படியிருந்தும் 2006 ஏப்ரலில் ஓர் ஆட்டத்துக்கு 6,023 பேர் திரண்டனர்.

2009ல் இவர்கள் துணிந்து செய்ததே நமது கவனத்துக்குரியது. ஒரு பருவம் முழுவதற்கும் செல்லும் டிக்கட்டுக்கு 90 பவுன் என்று குறைந்த அளவை வகுத்து, அதற்குமேல் கொடுப்பதை அவரவர் சக்திக்கே விட்டார்கள்.

இது பந்தாட்டமா, தர்மசத்திரமா என்று பரிகசிக்கும் கனவான்கள் உண்டு. 90 பவுன் என்ற வேலி இருப்பதை அவர்கள் மறக்கிறார்கள். ஆட்டம் துவங்கிய பின் காலியாய்க் கிடக்கும் ஆசனம் அந்திக் கடையில் வாடிய பூவுக்குச் சமானம். மறுநாள் அதை விற்க வழியில்லை. பருவ டிக்கட்டுப் பணமோ முதல் ஆட்டத்துக்கு முன்பே பெட்டிக்கு வந்துவிடுகிறது. ஆனால் இக்கழகத்தார் முழுநேரச் சம்பளம் கொடுத்து ஆட்டக்காரரை வைத்திருக்கவில்லை. பெருஞ்செலவுள்ள கோஷ்டியை இம்முறை தாங்குமா என்பது வேறு வழக்கு.

பெரிய கழகங்களும் ஜனங்களின் வாய்தாவிலிருந்து தப்பவில்லை. லிவர்பூல் கழகத்தார் உச்சவிலை டிக்கட்டை 77 பவுனாக்கத் திட்டமிட்டபோது, 2016 பிப்ரவரி 6ந் தேதி சந்தர்லாந்துடன் நடந்த ஆட்டத்தின் 77வது நிமிஷத்தில் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியேறினர். அதுவரை இரண்டு கோல் முன்னிலையிலிருந்த லிவர்பூல் கடைசியில் சமநிலையோடு மைதானத்தை விட்டது. சில தினங்களில் முதலாளிகள் திட்டத்தைக் கைவிட்டனர்.

மான்செஸ்டர்க்காரருக்கு அப்படி எழுந்து போக வேண்டிய அவசியம் நேரவில்லை. விலையைப் பற்றித் தங்கள் சபையிலேயே விவாதித்த அந்த ஜனங்கள், பிற்பாடு மைதானம் கட்டுவதற்குப் பங்குத்தொகையும் செலுத்தினார்கள். 2015ல் மாஸ்டனில் அது திறக்கப்பட்டது.