நாளுக்கு 10 ரூபாய் சூரியன்

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் எரிசக்திப் பொறியியல் முடித்த ஹரீஷ் ஹண்டே, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் லோவெல் வளாகத்துக்குப் போனது சூரிய வெப்பத்தை ஆராய. 1990களின் தொடக்கத்தில் டொமினிகன் குடியரசுக்குப் போய்வந்ததும் மனம் மாறியது. அங்கே ஏழைகள் சொந்தக் காசு கொடுத்துச் சூரிய விளக்கு வைத்திருந்தார்கள். எழுதிய ஆய்வேட்டை ஓரங்கட்டிவிட்டு, இலங்கை, இந்தியக் கிராமங்களில் மின்சாரமில்லாமல் தங்கிப் பார்த்தார்.

1995-ல் நெவில் வில்லியம்ஸுடன் சேர்ந்து பெங்களூரில் 'செல்கோ'வைத் தொடங்கியபோது, சிக்கல் தகட்டில் இல்லை, தவணையில் இருந்தது. மாதம் 300 ரூபாய் என்றால் தெருவோர வியாபாரிக்கு மலைப்பு. நாளுக்கு 10 ரூபாயா? தாராளமாகத் தருவார். கணக்கு ஒன்றுதான், ஆனால் அவர் கையில் காசு புரள்வது அன்றன்று மாலையில். ஆய்வுக்கூடத்தில் இதற்குச் சமன்பாடு கிடையாது. வங்கி மேலாளர்களைக் கரைப்பதே பொறியாளரின் பாதி வேலையாயிற்று. மீதிப் பாதி, விளக்கு பழுதானால் வீட்டுக்கே ஆள் அனுப்புவது.

2011-ல் ஹண்டேவுக்கு மகசேசே விருது கிடைத்தபோது, செல்கோ விளக்கு ஏற்றியிருந்த வீடுகளும் சிறு தொழில்களும் சுமார் 1,20,000.