பழுது பார்த்த பின் மோட்டார் சைக்கிளின் இழுவை குறைவது ஏன்?
சிறு செலவில் குறையைக் கண்டறியும் முறைகள்

பெரம்பலூர் மாவட்டம், ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த செட்டிகுளம் சின்ன வெங்காயத்திற்குப் பெயர் பெற்ற ஊராகும். இப்பகுதிச் சிறு விவசாயிகளுக்கு மாட்டு வண்டி செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று மோட்டார் சைக்கிளும் மொபெட்டுமே செய்கின்றன. 1980-ல் இருவர் செல்லக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்த பிறகு, வெங்காயச் சிப்பம், உர மூட்டை, பால் கேன், தெளிப்பான் எல்லாம் இரு சக்கர வண்டியில் ஏறத் தொடங்கின. எனவே வண்டியின் இழுவை குறைந்தால் விவசாய வேலையே தடைப்படுகிறது.

கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய மறுநாள் இத்தொல்லை தோன்றுவது அடிக்கடி காணப்படுவதாகும். வண்டி உடனே கிளம்பும். நின்ற இடத்தில் சீராக ஓடும். ஆனால் இரண்டு சிப்பத்தை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது எவ்வளவு முறுக்கினாலும் வேகம் எடுக்காது. அப்போது யாராவது, 'பிஸ்டன் தேய்ந்துவிட்டது, ரீபோர் செய்ய வேண்டும்' என்று சொன்னால், வெங்காயம் விற்ற பணத்தில் ஒரு பகுதி அதற்கே போய்விடும்.

இங்கே ஓர் உண்மையை நினைவில் கொள்ள வேண்டும். பிஸ்டனும் ரிங்கும் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடித்தான் சிறிது சிறிதாகத் தேய்கின்றன. ஒரே இரவில் தேய்வதில்லை. நேற்று வரை இழுத்த வண்டி, பழுது பார்த்த பின் இழுக்கவில்லை என்றால், கை வைத்த இடத்திலேயே குறையைத் தேடுவதுதான் முறை.

முதலில் விலக்க வேண்டியவை

என்ஜினில் குறை காணும் முன்பு மூன்றைப் பார்த்துவிட வேண்டும். வண்டியை நியூட்ரலில் வைத்துத் தள்ளினால் எளிதாக உருள வேண்டும். உருளாவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், அல்லது டயரில் காற்று குறைந்திருக்கலாம். என்ஜின் மட்டும் இரைந்து வண்டி நகரத் தயங்கினால் அது கிளட்ச் வழுக்கலாகும். மூன்றாவது, ஆக்ஸிலரேட்டர் கேபிள். பழுது பார்க்கும்போது கேபிளைச் சரியாகப் பொருத்தாவிட்டால், கைப்பிடியை முழுவதும் முறுக்கினாலும் கார்புரேட்டர் பாதிதான் திறக்கும். என்ஜினை நிறுத்திவிட்டு, காற்று வரும் குழாயைக் கழற்றி, ஒருவரை முறுக்கச் சொல்லிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். கேபிள் நேராக இழுக்கும் வகைக் கார்புரேட்டர்களுக்கே இச்சோதனை பொருந்தும்.

பெட்ரோல் குறைவா, மிகுதியா?

ஒரு பங்கு பெட்ரோல் நன்கு எரிய, எடைக் கணக்கில் ஏறத்தாழ 15 பங்கு காற்று தேவை. இந்த அளவு மாறும்போது இழுவை குறைகிறது. பெட்ரோல் குறைந்தால் என்ஜின் சூடேறி, முறுக்கும்போது திணறும். மிகுந்தால் கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், மைலேஜ் குறையும்.

இதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. போக்குவரத்து இல்லாத இடத்தில், சூடேறிய என்ஜின் திணறும் நிலையில், சோக்கைச் சிறிதளவு இழுக்க வேண்டும். வண்டி தெளிந்து இழுத்தால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். மேலும் மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதியாகச் செல்கிறது என்று கொள்ளலாம். ஸ்பார்க் பிளக்கும் இதைக் காட்டும். சிறிது தூரம் பாரத்துடன் ஓட்டி, என்ஜினை நிறுத்தி, ஆறிய பின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முனை இளம் பழுப்பாக இருப்பது நன்று. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி.

பெட்ரோல் போதாமைக்குக் காரணங்கள்

வண்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் நன்றாக ஓடி, பின் திணறி, சற்று நிறுத்தினால் மீண்டும் ஓடுமானால், டேங்கில் இருந்து பெட்ரோல் வரும் வழியில் தடை உள்ளது. டேங்க் மூடியில் காற்று செல்லும் சிறு துளை அடைபட்டாலும் இப்படி ஆகும். திணறும்போது நிறுத்தி மூடியைத் திறந்தால் காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்கும். பின்னர் வண்டி ஓடும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. துளையைச் சுத்தம் செய்தாலே போதும்.

மூடி சரியாக இருந்தால், கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, பெட்ரோலை உலர்ந்த புட்டியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தடையின்றி ஒரே சீராக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் காக், வடிகட்டி, மடிந்த குழாய் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். என்ஜின் ஓடும்போது மட்டும் திறக்கும் காக் உள்ள வண்டிகளில் இச்சோதனை பயன்படாது. என்ஜின் ஆறிய பின், திறந்த வெளியில், பீடி, விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் இதைச் செய்வது மிகவும் அவசியம்.

பெட்ரோல் நன்றாக வந்தால் குறை கார்புரேட்டருக்குள் இருக்கலாம். நின்ற நிலையில் சீராக ஓடி, முழுதாக முறுக்கும்போது மட்டும் அடங்கினால், பெரிய ஜெட் அடைபட்டிருக்கலாம். அல்லது மிதவையின் மட்டம் தாழ்ந்திருக்கலாம். பாதி முறுக்கில் திணறினால் ஊசியின் கிளிப் இடம் மாறியிருக்கலாம். கிளிப் மேல் பள்ளத்திற்குச் சென்றால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். கீழ்ப் பள்ளத்திற்கு வந்தால் ஊசி உயர்ந்து பெட்ரோல் மிகும். ரப்பர் சவ்வு உள்ள கார்புரேட்டரில் சவ்வு கிழிந்தாலோ மூடியில் நசுங்கினாலோ இழுவையே இருக்காது.

கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள ரப்பர் இணைப்பு வெடித்திருந்தாலும், கிளாம்பு தளர்ந்திருந்தாலும், கூடுதல் காற்று உள்ளே புகும். நின்ற நிலையில் என்ஜின் தானாக ஏறி இறங்கி இரைவது இதன் அடையாளம்.

மிகுதிக்குக் காரணங்கள்

சோக் முழுதாகத் திரும்பாமை, ஏர் பில்டரில் புழுதி அடைப்பு, மிதவை ஊசி சரியாக மூடாமை, ஜெட் தளர்வு ஆகியவை முக்கியமானவை. மற்றொன்று கம்பியால் ஜெட்டைக் குத்துவது. ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது. அதன் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். எனவே ஜெட்டைக் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். கம்பியோ குண்டூசியோ கூடாது.

எத்தனாலும் தண்ணீரும்

20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் நாட்டில் விற்பனைக்கு வந்தது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். தண்ணீர் அளவு மீறினால் இரண்டும் பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மழைக் காலத்தில் நெடுநாள் நிறுத்திய வண்டியின் பெட்ரோலைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைத்தால், அடியில் தனிப் படலம் தெரியும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் உப்பிப்போவதும் உண்டு. எத்தனாலால் மைலேஜ் சிறிது குறையலாம். ஆனால் ஒரே நாளில் இழுவை போனதற்கு அதை மட்டும் காரணமாகச் சொல்வது பொருந்தாது.

புதிய வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. பம்பும் இன்ஜெக்டரும் உள்ளன. சாவியைத் திருப்பியதும் டேங்கில் பம்ப் சில விநாடி ரீங்கரிக்க வேண்டும். என்ஜின் எச்சரிக்கை விளக்கு ஓடும்போதும் எரிந்தால், பழுது பார்த்தவரிடமே வண்டியைத் திரும்பக் காட்டி, ஒயர் இணைப்புகள் நன்கு பொருந்தியுள்ளனவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். குழாயில் பெட்ரோல் அழுத்தத்துடன் இருப்பதால் வீட்டில் கழற்றுவது ஆபத்தாகும்.

கடைசியாகத்தான் ரீபோர்

இவ்வளவும் சரியாக இருந்து, பிளக்கும் மாற்றிப் பார்த்த பிறகே, கம்ப்ரஷன் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மொபெட்டாக இருந்தால், அதற்கு முன் சைலன்சரில் கரி அடைத்துள்ளதா என்றும் பார்ப்பது நல்லது. அளந்து காட்டாமல் ரீபோர் செய்யச் சம்மதிக்க வேண்டியதில்லை. வேலைக்கு விடும்போது கிளிப் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று குறித்து வைக்கச் சொல்வதும், மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குவதும் நல்ல பழக்கங்களாகும்.

விசைத்தெளிப்பான், களையெடுக்கும் கருவி ஆகியவற்றின் பெட்ரோல் என்ஜின்களுக்கும் இம்முறைகள் பெரும்பாலும் பொருந்தும். பருவம் முடிந்ததும் அவற்றின் டேங்கையும் கார்புரேட்டரையும் வடித்து வைத்தால், அடுத்த பட்டத்தில் ஜெட் அடைப்புத் தொல்லை வராது. காசு செலவில்லாத சோதனையில் தொடங்கி, செலவு மிகுந்ததைக் கடைசியில் வைத்துக்கொண்டால், விவசாயிகள் வீண் செலவைத் தவிர்த்து, விளைபொருளை உரிய நேரத்தில் சந்தைக்குக் கொண்டு சென்று பயன் பெறலாம்.