கலைவாணர் பாட்டுகள்: பேச்சோடு கேட்க வேண்டியவை

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908இல் பிறந்த நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் பாட்டுகளைத் தொகுப்பவர்கள் பேச்சை வெட்டினால் பாதிக் கலைவாணரே மிஞ்சுவார். ‘நல்லதம்பி’ (1949) படத்துக் கிந்தனார் காலட்சேபத்தைக் கேளுங்கள். நந்தனார் கதையின் சாயலில், சேரிப் பையன் படிப்புக்காகப் பட்டணம் போகும் கதை. பாட்டு பேச்சாகி, பேச்சு கேலியாகி மறுபடி பாட்டாகிறது. எங்கே கத்தரி வைப்பது? பல பாட்டுகளை எழுதியவர் உடுமலை நாராயணகவி, கலைவாணரின் குரலும் கச்சேரிக் குரலல்ல என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் ‘ராஜா ராணி’யில் (1956) வகைவகையாகச் சிரித்துக் காட்டுகிறாரே, அதை எந்தக் கவிஞர் எழுதித் தரமுடியும்? அவருடைய ஜோடி டி.ஏ. மதுரம் எதிர்க்கேள்வி போட இடம்விட்டுப் பாடும் நிதானமும், புலவர் சொல்லச் சொல்லப் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடும் வில்லுப்பாட்டில் ஊறிய நாஞ்சில் நாட்டுக் காதுக்குப் புதிதல்ல.