சாயம் போகும், அதுதான் கேரன்டி: நம்ம ஏரியா கட்டம் போட்ட துணி ஃபேஷன் பத்திரிகைக்குப் போன கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

எங்க வீட்டுல புது லுங்கி வாங்கினா முதல் நாள் ஒரு சடங்கு உண்டு. அம்மா அதைத் தனி பக்கெட்டுல போட்டு, ஒரு கை கல்லுப்பு சேர்த்து ஊற வைப்பாங்க. "மத்த துணியோட போட்டுடாதடா, சாயம் ஒட்டிக்கும்"னு எச்சரிக்கை வேற. அரை மணி நேரம் கழிச்சுப் பார்த்தா தண்ணி பீட்ரூட் சாறு மாதிரி நிக்கும். அப்பா எட்டிப் பார்த்துட்டு, "கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு முணுமுணுப்பாரு. ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டுல கேட்டாலும் பதில் ஒண்ணுதான்: சாயம் போனா துணி மட்டம்.

அதே கட்டம் போட்ட துணிக்கு அமெரிக்காவுல 'மெட்ராஸ்'னு பேர். அங்க அது சட்டை, பிளேஸர், ஷார்ட்ஸ்னு வரும். கோடைக்காலம் வந்தா ஃபேஷன் பக்கங்கள்ல பாய்மரப் படகு, பச்சைப் புல்வெளிப் பின்னணியில இந்தத் துணியைப் பார்க்கலாம். அறுபது வருஷத்துக்கு மேல முன்னாடி, ஒரு அமெரிக்கப் பத்திரிகை இந்தத் துணியைப் பத்தி என்ன எழுதுச்சு தெரியுமா? இதுல சாயம் போகும், அதுதான் இதோட அருமை!

இன்னைக்கு அந்தக் கதையைப் பார்க்கப் போறோம். அதை வச்சு, ஃபேஷன் பத்திரிகையில வர்ற பக்கங்களும் பெரிய பிராண்டுகளோட விளம்பரங்களும் எப்படி வேலை செய்யுதுன்னும் புரிஞ்சுக்கலாம்.

முதல்ல, எடிட்டோரியல்னா என்ன?

ஃபேஷன் பத்திரிகையில நாம பார்க்கிற படங்கள் ரெண்டு மூணு வகை. ஒண்ணு எடிட்டோரியல். பத்திரிகையே ஒரு கருவை யோசிச்சு, ஃபோட்டோகிராஃபர், ஸ்டைலிஸ்ட், மாடல்னு ஒரு குழுவை வச்சு எட்டுப் பத்துப் பக்கத்துக்கு எடுக்கிற படத் தொடர். போட்டிருக்கிற துணியெல்லாம் பெரும்பாலும் பிராண்டுகள் இரவல் கொடுக்கிற சாம்பிள். ஷூட் முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடணும்.

ரெண்டாவது கேம்பெயின். இது முழுக்க பிராண்டோட காசு, பிராண்டோட முடிவு. பத்திரிகையில அது விளம்பரப் பக்கம், ஏர்போர்ட்ல பேனர், உங்க ஃபோன்ல ரீல்.

ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது அட்வடோரியல். பார்க்க எடிட்டோரியல் மாதிரியே இருக்கும், ஆனா காசு கொடுத்துப் போட்டது. சாதாரண எடிட்டோரியலும் முழுக்கச் சுதந்திரம்னு சொல்லிட முடியாது. பக்கத்துக்குக் காசு வாங்கலைன்னாலும், எந்த பிராண்ட் விளம்பரம் கொடுத்துப் பத்திரிகையை வாழ வைக்குதோ, அந்த பிராண்டோட கோட்டு படத்துல எங்கேயாவது தலை காட்டும்.

எடிட்டோரியல் பக்கத்தோட மூலையில எறும்பு சைஸ்ல கொஞ்சம் எழுத்து இருக்கும். சட்டை எந்த பிராண்ட், பை என்ன விலை, படம் எடுத்தது யாரு, மேக்கப் யாரு. அதுக்கு கிரெடிட்ஸ்னு பேர். இந்தச் சின்ன எழுத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

காலடிப்பேட்டை: யாரோட காலடி?

இப்போ துணிக்கு வருவோம். 1639-ல ஆங்கிலேயக் கம்பெனிக்காரங்க இந்தக் கடற்கரையில வந்து இறங்கினதுக்கு முக்கியக் காரணமே துணிதான். இயற்கைத் துறைமுகம்னு இங்க ஒண்ணும் கிடையாது. அலையில படகு கவிழும். ஆனா மத்த இடங்களைவிட இங்க துணி சுமார் 20 சதவீதம் மலிவுன்னு கணக்குச் சொன்னாரு ஃபிரான்சிஸ் டே. கோட்டை வந்துச்சு, ஊர் வந்துச்சு.

துணி வியாபாரம்னா நெய்யறவங்க மட்டும் போதாது. வெளுக்கணும், சாயம் போடணும், மடிக்கணும். கம்பெனியோட துணியை வெளுத்தவங்க குடியிருந்த இடம்தான் வண்ணாரப்பேட்டை. இன்னைக்குக் கல்யாணப் புடவை எடுக்க எம்.சி. ரோட்டுக்குப் போறோமே, அந்த ஊரோட பேர்லயே துணி இருக்கு.

இன்னும் கொஞ்சம் வடக்கே போனா காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷன். யாரோட காலடின்னு எப்பவாவது யோசிச்சிருக்கீங்களா? அது காலடியே இல்ல. 1717-லேர்ந்து 1720 வரைக்கும் மெட்ராஸ் கவர்னரா இருந்தவர் ஜோசப் காலெட். திருவொற்றியூர் பக்கத்துல நெசவாளர்களைக் குடியமர்த்த அவர் உருவாக்கின ஊர் காலெட் பேட்டை. நம்ம நாக்குல அது காலடிப்பேட்டை ஆயிடுச்சு. அங்க இருக்கிற கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலோட கதையிலயும் அந்தக் கவர்னர் வருவாரு.

அதே காலத்துல இன்னொண்ணும் நடந்துச்சு. முன்னாள் மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல், 1718-ல அமெரிக்காவுல ஒரு சின்னக் கல்லூரிக்கு நன்கொடை அனுப்பினாரு. 417 புத்தகம், ராஜாவோட படம் ஒண்ணு, கூடவே ஒன்பது பொதி சரக்கு. சரக்கை வித்ததுல 562 பவுண்டு கிடைச்சுது. கல்லூரிக்கு அவர் பேரையே வச்சுட்டாங்க. அதுதான் இன்னைக்கு யேல் பல்கலைக்கழகம். அந்தப் பொதிகள்ல இங்கேர்ந்து போன துணியும் இருந்துச்சு.

கட்டம் போட்ட துணி போன இடமெல்லாம் அவ்வளவு மரியாதையான இடமில்ல. அட்லாண்டிக் அடிமை வியாபாரத்துல இந்தியத் துணி ஒரு நாணயம் மாதிரி. துணியைக் கொடுத்து மனுஷங்களை வாங்கினாங்க. அந்த வழியாவும் இந்தத் துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் போச்சு. நைஜீரியாவுல கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி'ம்பாங்க. பிள்ளை பெத்தவளுக்கும் உடுத்துவாங்க, சாவு வீட்டையும் இதால அலங்கரிப்பாங்க. செயின்ட் லூசியா, டொமினிகா, மார்ட்டினிக் தீவுகள்ல பெண்களோட பாரம்பரிய உடையில இன்னைக்கும் இந்தக் கட்டம் இருக்கு. அங்க அந்தத் துணியோட பேரே மெட்ராஸ்.

பத்தாயிரம் கெஜம்

சரி, இப்போ 1958. வில்லியம் ஜேக்கப்சன்னு ஒரு அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் மெட்ராஸ் துணி தேடி இந்தியாவுக்கு வர்றாரு. அவருக்குத் துணி வித்தவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர். கண்ணூர்க்காரர், பின்னாடி லீலா ஹோட்டல்களை ஆரம்பிச்சாரே, அவரேதான். கைத்தறியில நெஞ்ச, தாவரச் சாயம் போட்ட துணி. நல்லெண்ணெய் வாசனை வேற. விலை கெஜத்துக்கு ஒரு டாலர்.

இதுக்கப்புறம் நடந்ததைத் துணி உலகத்துல இப்படித்தான் சொல்வாங்க. "இதைப் பச்சைத் தண்ணியில, தனியா, மெதுவாத் துவைக்கணும்"னு நாயர் சொல்லி அனுப்பினாரு. எங்க அம்மா சொன்ன அதே விஷயம். ஜேக்கப்சன் பத்தாயிரம் கெஜத்தை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கு வித்தாரு. அமெரிக்கப் பணக்காரங்க தலைமுறை தலைமுறையா கோட்டு வாங்குற கடை அது. ஆனா துவைக்கிற பக்குவத்தைச் சொல்ல மறந்துட்டாரு.

வாங்கினவங்க வாஷிங் மெஷின்ல, வெந்நீர்ல, வெள்ளைத் துணியோட சேர்த்துப் போட்டாங்க. அப்புறம் என்ன? வீட்டுல இருந்த வெள்ளையெல்லாம் ரோஸ் கலர். புகார் குவிஞ்சுது, வக்கீல் வரைக்கும் பேச்சுப் போச்சு.

சாயம் ஏன் போச்சு? சாயம் நூலைக் கெட்டியாப் பிடிச்சுக்க, படிகாரம் மாதிரி ஒரு பொருள் பாலமா இருக்கணும். அந்தப் பிடிமானம் சரியா விழலைன்னா, சாயம் நூல் மேல சும்மா உட்கார்ந்திருக்கும். தண்ணி பட்டா எழுந்து போயிடும். மஞ்சள் மாதிரி சில நிறங்களுக்கு இயல்பே அதுதான். அதனால துவைக்கத் துவைக்க ஒரு கட்டத்தோட நிறம் பக்கத்துக் கட்டத்துல கசிஞ்சு, எல்லாம் கலந்து மங்கும்.

இந்த நேரத்துலதான் பத்திரிகை உள்ளே வருது. 'செவன்டீன்'னு டீனேஜ் பெண்களுக்கான பத்திரிகை நாயரைப் பேட்டி எடுத்து, எட்டுப் பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டுச்சு. 'ப்ளீடிங் மெட்ராஸ்', இந்தியாவுலேர்ந்து வந்த அதிசயக் கைத்தறித் துணி! கேம்பெயினுக்கு ஒரு வரியும் கிடைச்சுது: 'கேரன்டீட் டு ப்ளீட்'. அதாவது, சாயம் போகும்னு உத்தரவாதம். விளம்பர உலகத்தோட பெரிய தலை டேவிட் ஓகில்வி எழுதின வரின்னு சொல்வாங்க. புகார் கொடுத்தவங்க போய், எங்க கிடைக்கும்னு கேட்கிறவங்க வந்தாங்க.

பத்திரிகை என்னதான் செஞ்சது?

துணியில ஒரு நூலைக்கூட மாத்தலை. மூணு வேலை செஞ்சாங்க.

ஒண்ணு, குறைக்குப் புதுப் பேர் வச்சாங்க. 'சாயம் போகுது'ன்னா புகார், 'ப்ளீடிங்'னா ஸ்டைல். ரெண்டு, காலத்தை உள்ளே கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் மாறும், உன் சட்டை மாதிரி இன்னொண்ணு இருக்காது. மூணு, இதைப் போட்டா நீ யாருன்னு சொன்னாங்க. கோடை விடுமுறை, நல்ல காலேஜ், படகு வச்சிருக்கிற குடும்பம்.

இன்னைக்கும் இதே மூணுதான். வெளுத்துப் போன ஜீன்ஸ் விலை கூட. தோல் பை கறுத்தா அது 'பட்டினா'. கையால செஞ்ச சட்டையில ஒரு டேக் தொங்கும்: நெசவுல தெரியுற முடிச்சு குறை இல்ல, அதுதான் அழகு.

இதை முழுப் பொய்னு நான் சொல்ல மாட்டேன். கைத்தறிங்கிறது உண்மை, தாவரச் சாயங்கிறது உண்மை, நிறம் மங்கினா அழகா இருக்கும்ங்கிறதும் உண்மை. அந்தத் துணியை மட்டம்னு ஒதுக்கின நாமதான் ஒரு விஷயத்தைப் பார்க்கத் தவறியிருக்கோம். ஆனா அந்தக் கதையில வியாபாரி பேர் நிலைச்சுது, கடை பேர் நிலைச்சுது, ஊர் பேர்கூட நிலைச்சுது. தறியில உட்கார்ந்தவர் பேர் எங்கேயும் இல்ல.

மூலையில இருக்கிற சின்ன எழுத்து

இப்போ கிரெடிட்ஸுக்கு வருவோம். 2008 ஆகஸ்ட்ல வோக் இந்தியா ஒரு எடிட்டோரியல் போட்டுச்சு. ஏழை மக்கள் கையில ஆடம்பரப் பொருட்கள். ஒரு குழந்தைக்கு ஃபெண்டி பிப், ஒருத்தர் கையில பர்பெரி குடை, இன்னொரு படத்துல பத்தாயிரம் டாலருக்கு மேல விலையுள்ள ஹெர்மெஸ் பை. பெரிய சர்ச்சை ஆச்சு. வறுமையை வேடிக்கை ஆக்கிட்டாங்கன்னு கோபப்பட்டாங்க. எனக்கு அதைவிட உறுத்தினது, அப்பவே ஒரு பத்தி எழுத்தாளர் சுட்டிக்காட்டின விஷயம்தான். படத்துக்குக் கீழ குடைக்குப் பேர் இருந்துச்சு, பைக்குப் பேர் இருந்துச்சு. பிடிச்சிருந்தவங்க வெறும் 'ஒரு ஆண்', 'ஒரு பெண்'.

2025 ஜூன்ல மிலன்ல பிராடா ஷோ. மாடல்கள் கால்ல அச்சு அசல் கோலாப்புரி செருப்பு. பிராடா கொடுத்த பேர் 'லெதர் சேண்டல்ஸ்'. கோலாப்புரிக்கு 2019-லயே புவிசார் குறியீடு வாங்கியாச்சு. இங்க சத்தம் கிளம்பினதும், இந்தியக் கைவினைதான் தூண்டுதல்னு பிராடா ஒத்துக்கிச்சு. டிசம்பர்ல, மகாராஷ்டிரா, கர்நாடகா கைவினைஞர்களை வச்சு 2,000 ஜோடி செய்யப் போறதா அறிவிச்சுது. ஜோடி சுமார் 800 யூரோ. அந்த மாற்றத்தைக் கொண்டு வந்தது, பேர் எங்கேன்னு நிறைய பேர் கேட்ட கேள்வி.

கோலாப்புரிக்குப் பேர் இல்லாதது பிரச்சினை. மெட்ராஸுக்குப் பிரச்சினையே வேற. பேர் நல்லா இருக்கு, ஆனா அது வெறும் டிசைன் பேரா போயிடுச்சு. இன்னைக்கு எந்த நாட்டு மில்லுலயும் கட்டம் போட்டு, சாயம் போகாத மாதிரி பண்ணி, 'மெட்ராஸ்'னு விக்கலாம். நிஜமாவே சாயம் போற கைத்தறி மெட்ராஸ் இப்போ அபூர்வமான, விலை கூடின சரக்கு. நாம கட்டுற லுங்கியே பெரும்பாலும் விசைத்தறிதான்.

நம்ம தெருவுக்கு கேமரா வரும்போது

இதை ஏன் இவ்வளவு நேரம் பேசறேன்னா, இப்போ நம்ம ஏரியாவே ஒரு துணி மாதிரி ஆயிட்டு வருது. காசிமேடு படகு, துறைமுகக் கிரேன், எண்ணூர் புகைபோக்கி, துருப்பிடிச்ச கன்டெய்னர், உப்புக் காத்துல பெயின்ட் உரிஞ்ச சுவர். ஷூட் பண்றவங்களுக்கு இதெல்லாம் 'ரா', 'டெக்ஸ்ச்சர்'. சாம்பலும் எண்ணெய்க் கசிவும் இங்க வாழறவங்களுக்குப் புகார். படத்துல அதுவே ஸ்டைல். 1958-ல சாயத்துக்கு நடந்தது இப்போ ஊருக்கு நடக்குது.

ஷூட்டே வேணாம்னு நான் சொல்லல. நம்ம பசங்க எடுக்கிற படங்கள்ல நிஜமாவே நல்ல படங்கள் இருக்கு. ஆனா ஒரு படம் பார்க்கும்போதும், எடுக்கும்போதும், உங்க தெருவுல யாராவது வந்து கேட்கும்போதும் மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. இதுக்குக் காசு கொடுத்தது யாரு? படத்துல இருக்கிற மனுஷருக்குச் சம்பளம் உண்டா, சம்மதம் வாங்கினாங்களா? மூலையில இருக்கிற சின்ன எழுத்துல அவர் பேரும் இடத்தோட பேரும் இருக்கா?

நீங்களே ஸ்டைலிஸ்டாவோ ஃபோட்டோகிராஃபராவோ ஆகணும்னு நினைக்கிறவங்களா இருந்தா, இந்த மூணாவது கேள்விக்குச் செலவே இல்ல. ஒரு வரி சேர்த்தா போதும். படகு யாரோடது, வலை பின்னினது யாரு, எந்தக் குப்பத்துல எடுத்தது.

சாயம் வெளுத்துப் போச்சுன்னா நம்ம மொழியில உண்மை தெரிஞ்சு போச்சுன்னு அர்த்தம். அடுத்த தடவை காலடிப்பேட்டை ஸ்டேஷனைத் தாண்டும்போது அங்க தறி ஓடின காலத்தைக் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. புது லுங்கி வாங்கினா, தனி பக்கெட்டுல ஊற வைங்க. வெள்ளைச் சட்டைக்கு நான் பொறுப்பில்ல.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.