பாயின்ட்டா, பெட்டியா?

பத்மினி டாக்ஸிகள் விடைபெற்றுவிட்ட மும்பையில், எஞ்சியிருக்கும் பழைய கார்களுக்குப் பொறி தட்டுவதே பிரச்சினை

தாதர் கிழக்கு. பார்ஸி காலனியின் மரநிழலில் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது ஒரு வெளிர்நீல பிரீமியர் பத்மினி. வயது நாற்பதுக்கு மேல். திருநெல்வேலியிலிருந்து 1970களில் மும்பைக்கு வந்த மெக்கானிக் ஒருவர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். "கரண்ட் வருது சார். ஆனா நொண்டுது" என்கிறார். காரின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. நோய் அவருக்குப் புரிகிறது. மருந்தில்தான் குழப்பம். தேய்ந்துபோன பாயின்ட்டை மாற்றிப் போடுவதா? அல்லது பாயின்ட்டுக்கே விடைகொடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவதா?

மொழிபெயர்ப்பாளர்கள் 'தொடுமுனை' என்று எழுதிவிடலாம். தமிழ்நாட்டிலும் சரி, தாதரிலும் சரி, மெக்கானிக்குகளுக்கு அது பாயின்ட்தான். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் சி.பி. பாயின்ட். விரல் நுனி அளவுள்ள இரண்டு உலோகப் பொட்டுகள். அவை சேர்ந்திருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலுக்குள் பாய்கிறது. சுழலும் கேம் அவற்றைப் பிரிக்கிற அந்தக் கணத்தில் காயிலின் காந்தப்புலம் சரிந்து, 20,000 வோல்ட் அளவுக்கு மின்அழுத்தம் எழும்புகிறது. பிளக்கில் பொறி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், இந்தப் பொட்டுகள் 6,000 முறை சேர்ந்து பிரிய வேண்டும். அதாவது நொடிக்கு நூறு தடவை.

தேயாமல் என்ன செய்யும்? பொட்டுகளில் குழி விழுகிறது. கேமில் உரசும் ஃபைபர் குதிகாலும் தேய்கிறது, இடைவெளி குறைகிறது, பொறி தாமதமாக விழுகிறது. வண்டி இழுக்காது, பெட்ரோல் அதிகம் குடிக்கும், சூடேறும். பொறி தவறும்போது எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே வெளியேறி, பி.யு.சி. சோதனையில் மாட்டிவிடும். வங்கி அதிகாரியின் கவலையே அதுதான். 2000க்கு முந்தைய கார்களுக்கு ஹைட்ரோகார்பன் வரம்பு 1,500 பி.பி.எம். "போன தடவை மயிரிழையில்தான் பாஸ்" என்கிறார். பதினைந்து வயது கடந்த கார் என்பதால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். அதற்கான கட்டணத்தை மத்திய அரசு 2022இல் காருக்கு 5,000 ரூபாயாக உயர்த்தியது. 20 வயதைத் தாண்டியவற்றுக்கு 2025இல் அது 10,000 ஆனது.

பாயின்ட் முறையின் தந்தை அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். அவருடைய பேட்டரி இக்னிஷன் 1912 கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் சேர்ந்து வந்தது. 1973இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும் எலெக்ட்ரானிக் இக்னிஷனைக் கொடுத்துவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான் குர்லா தொழிற்சாலையில் 'பிரீமியர் பிரசிடென்ட்' என்ற பெயர் 'பத்மினி' ஆயிற்று. உள்ளே இருந்தது அதே 1,089 சி.சி. எஞ்சின், அதே பாயின்ட்.

அது மும்பைக்குக் குறையாகத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. 1990களில் நகரத்தின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகள் 60,000 வரை இருந்தன, பெரும்பாலானவை பத்மினிகள். ஒவ்வொரு டாக்ஸி ஸ்டாண்டும் ஒரு ஒர்க்‌ஷாப். ஸ்க்ரூடிரைவரும் ஒரு துண்டு எமரி பேப்பரும் இருந்தால் போதும், டிரைவரே பாயின்ட்டைத் தேய்த்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ்? "நாலு சவர பிளேடைச் சேர்த்து வச்சா போதும் சார்" என்கிறார் மெக்கானிக். கணக்கு சரிதான்: ஒரு பிளேடின் கனம் 0.1 மில்லிமீட்டர், பாயின்ட்டுக்குத் தேவையான இடைவெளி சுமார் 0.4. மழைக்காலத்தில் ஹிந்த்மாதாவில் முழங்கால் தண்ணீரில் நின்றுபோன டாக்ஸிகளை, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துணியால் துடைத்தே உயிர்ப்பித்தவர்கள் இவர்கள். (எலெக்ட்ரானிக் வைத்தாலும் மூடிக்குள் ஈரம் புகுந்தால் இதே கதிதான். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.)

முதல் சோதனை சி.என்.ஜி. வடிவில் வந்தது. மாசைக் குறைக்க உயர் நீதிமன்றம் பழைய டாக்ஸிகளை எரிவாயுவுக்கு மாறச் சொன்னது. எரிவாயுவைப் பற்றவைக்க பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். பெட்ரோலில் எப்படியோ சமாளித்த நொண்டிப் பாயின்ட், கேஸில் கையை விரித்துவிடும். அப்போதும் டிரைவர்கள் பாயின்ட்டை அடிக்கடி மாற்றினார்களே தவிர, பலர் பெட்டிக்கு மாறவில்லை. பாயின்ட் விலை குறைவு. போட்டுத் தர ஆள் எங்கும் உண்டு.

இன்று மாறியிருப்பது இந்த இரண்டாவது விஷயம்தான். பத்மினி உற்பத்தி 2001இல் முடிந்தது. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வரம்பு 2013இல் வந்தது. 2003 அக்டோபர் 29இல் பதிவான கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் சாலையை விட்டு விலகியது. அத்துடன் பாயின்ட் வாங்குகிற கூட்டமும் போயிற்று. அசல் பாயின்ட் கிடைப்பது அரிது. கிடைக்கும் போலிகளில் குதிகால் சீக்கிரம் கரைகிறது. அதைவிட மோசம் கண்டன்சர். புதிதாக வாங்கியதே ஒரு வாரத்தில் கைவிட்டு, பாயின்ட்டைக் கருக்கிவிடுவதும் உண்டு. "எனக்குப் பிறகு என் பையன் செய்ய மாட்டான். லேப்டாப் சொருகுற வண்டிதான் அவனுக்குத் தெரியும்" என்கிறார் மெக்கானிக்.

பெட்டியில் உரசும் பாகம் இல்லை. கேம் சுழல்வதை ஒரு சென்சார் உணர்ந்து சொல்ல, டிரான்சிஸ்டர் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு சற்றே ஆடினாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பாயின்ட் சாவதற்கு முன் இருமும், தும்மும், எச்சரிக்கும். பெட்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். திலக் பாலத்தின் உச்சியில் அது நின்றுபோனால் எமரி பேப்பரால் பயனில்லை, டோ வண்டிதான். பேட்டரியை மாற்றி இணைத்தால் முடிந்தது கதை. மின்தடை குறைந்த பழைய காயிலை மாற்றாமல் விட்டாலும் வெந்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, சாவியை ஆன் செய்தபடி பாட்டுக் கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். சென்ட்ரிஃபியூகல் எடைகள் துருப்பிடித்திருந்தால், எந்தப் பெட்டியும் டைமிங்கைச் சரிசெய்யாது.

டிராக்டர் வைத்திருக்கும் வாசகர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. நம்மூர் டிராக்டர்கள் டீசல். அங்கே பொறிக்கே வேலையில்லை. அமெரிக்கப் பண்ணைகளில்தான் 1947 முதல் 1952 வரை தயாரான ஃபோர்டு 8என் போன்ற பெட்ரோல் டிராக்டர்களுக்காக இதே வாதம் நடக்கிறது. அது 6 வோல்ட், அதிலும் பாசிட்டிவ் எர்த். 12 வோல்ட் நெகட்டிவ் எர்த் பெட்டியை அப்படியே மாட்டினால் புகைதான் மிச்சம்.

ஐம்பது வயதைத் தாண்டிய கார் என்றால் கணக்கு வேறு. 2021 விதிகளின்படி அதை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஆனால் தினசரி ஓட்ட முடியாது, அசல் வடிவமும் கெடக்கூடாது. கண்காட்சிக்கும் பவனிக்கும் மட்டும் போகிற வண்டிக்குப் பாயின்ட்டே போதும், அழகும் அதுதான். மாதுங்கா மார்க்கெட்டுக்கும் செம்பூருக்கும் தினமும் ஓடுகிற வண்டிக்குப் பெட்டிதான் புத்திசாலித்தனம். பாயின்ட் தரம் தாழ்ந்தது என்பதல்ல காரணம். அதைத் தாங்கிப் பிடித்த டாக்ஸி ஸ்டாண்ட் இப்போது இல்லை.

வங்கி அதிகாரியும் பெட்டிக்கே சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "அண்ணாச்சி, கழட்டின பிளேட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க." மெக்கானிக் அதைப் பாயின்ட்டோடும் கண்டன்சரோடும் மராத்தி நாளிதழ் ஒன்றில் சுற்றி, காலியான காபிப் பொடி டப்பாவில் வைத்து டிக்கியில் செருகினார். கூடவே நான்கு சவர பிளேடுகள்.